சிவில் பிரிவில் ஒரு இடம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியை வாடகைக்குப் பிடித்து, கமலாக்ஷியும் இசக்கிமுத்துவும் 'சங்கமம் ட்யூட்டோரியல் காலேஜ்' என்று போர்டு மாட்டியது எழுபத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில். போர்டு எழுதினவன் 'காலேஜ்' என்பதைப் பெரிதாகவும் 'ட்யூட்டோரியல்' என்பதைப் பொடியாகவும் எழுதியிருந்தான். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊரிலிருந்த மற்ற ட்யூட்டோரியல்களுக்கும் அவன்தான் போர்டு எழுதியிருந்தான். என்ன வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

கமலாக்ஷி கணிதத்தில் எம்.எஸ்ஸி. இசக்கிமுத்து ஆங்கிலத்தில் எம்.ஏ. எறணாகுளத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து ஒரே படகில் போய்வந்தவர்கள். கமலாக்ஷியின் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் தங்கிவிட்ட குடும்பம். அப்பா பிச்சுமணி ஒரு சுக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் ஹெட் கிளார்க். இசக்கிமுத்துவின் அப்பா கார்ப்பரேஷனில் சுகாதாரத் தொழிலாளி. கார்ப்பரேஷன் காலனியில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் இசக்கிமுத்து. அங்கே அவனைச் சின்னக் குழந்தைகள்கூட 'எம்மே' என்றுதான் கூப்பிட்டன. படிப்பு முடிந்து, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பேரைப் பதிந்துவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தார்கள். காத்திருந்து அலுத்துப்போய்த்தான் இந்த மாடி.

"எம்.எஸ்ஸி. படிச்சுட்டு மிளகு மூட்டை மேல உக்காந்துண்டு பாடம் எடுக்கப் போறயா?" என்று பிச்சுமணி கேட்டார்.

"மூட்டை மேல இல்லைப்பா. மூட்டைக்கு மாடியில" என்றாள் கமலாக்ஷி.

அவள் சொன்னது சரிதான் என்றாலும் மிளகு மாடிக்கும் வந்தது. கீழே சல்லடை போட்டுச் சலிக்க ஆரம்பித்தால் பலகை இடுக்குகள் வழியாகத் தூசி எழும்பி மேலே இருந்த அத்தனை பேரும் தும்முவார்கள். முதல் இரண்டு நாள் இசக்கிமுத்து இங்கிலீஷ் கவிதை நடத்தியபோது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் தும்மல்தான் கேட்டது. பிறகு கமலாக்ஷி கீழே போய்க் கிடங்கு மேஸ்திரியிடம் பேசி, சலிப்பதை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டு வந்தாள். அதற்கேற்பக் காலையில் கணக்கும் இங்கிலீஷும், மத்தியானம் சரித்திரமும் என்று டைம்டேபிள் போட்டார்கள். தும்மினாலும் சரித்திரம் ஒன்றும் மாறிவிடாது என்பது இசக்கிமுத்துவின் வாதம்.

ட்யூட்டோரியலுக்கு வந்த பிள்ளைகள் இரண்டு வகை. எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றுவிட்டு செப்டம்பரில் மறுபடி எழுதுகிறவர்கள் ஒரு வகை. பாஸாகியும் எந்தக் கல்லூரியிலும் ப்ரீடிகிரிக்கு, அதாவது டிகிரிக்கு முந்தின இரண்டு வருஷப் படிப்புக்கு, இடம் கிடைக்காதவர்கள் இன்னொரு வகை. இவர்கள் யுனிவர்சிட்டியில் தனித்தேர்வராகப் பதிந்துகொண்டு இங்கே பாடம் கேட்டுவிட்டுப் பரீட்சை எழுதலாம். ஆனால் சயன்ஸ் படிக்க முடியாது. ட்யூட்டோரியலில் லேப் ஏது? சரித்திரம், பொருளாதாரம், இல்லையென்றால் காமர்ஸ்.

சேர்க்கையின் கடைசி நாள்களில் ஒரு காலை, காக்கிச் சட்டையும் நனைந்த குடையுமாகத் தங்கப்பன் தன் மகள் முனியாயியை அழைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். இசக்கிமுத்துவின் காலனிக்காரர்தான், கார்ப்பரேஷன் லாரியில் வேலை. கமலாக்ஷியைப் பார்த்ததும் குடையைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"டீச்சரம்மா, இவளுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் உண்டு. கணக்குல நல்ல மார்க்கு. இங்க சேர்த்துக்கணும்."

கமலாக்ஷி மார்க்கைப் பார்த்தாள். கணக்கில் இந்த மட்டாஞ்சேரியில் எத்தனை பேர் இவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று அவளால் எண்ணிச் சொல்லிவிட முடியும்.

"இத்தனை மார்க் வெச்சுண்டு இங்க எதுக்கு வந்தேள்? காலேஜ்ல சேரலையா?"

"காலேஜுலருந்து ஒண்ணும் வரலையே அம்மா" என்றார் தங்கப்பன். "நல்ல மார்க்கு வாங்கினா அவங்க கூப்பிடுவாங்கண்ணு நெனச்சு இருந்தோம். போஸ்ட்மேன் வரும்போதெல்லாம் நான் கேட்பேன். அப்புறம் போய் விசாரிச்சா, அப்ளிகேஷன் குடுக்கணுமாம், அதோட தேதியும் கழிஞ்சு போச்சாம்."

கல்லூரி என்றால் விண்ணப்பம் வாங்க வேண்டும், தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது அவள் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைப்பது போல எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவர்கள் இருப்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. முனியாயியைப் பார்த்தாள். ஒல்லியான பெண், சட்டென்று சிரிக்கிற முகம். அப்பா பேசிக்கொண்டிருந்தபோது அவள் கூரையின் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கறே?"

"ஒண்ணுமில்ல டீச்சர். அந்த ஒரு மரம் மட்டும் குறுக்கே போகுதே, அத எடுத்தா இது விழுமாண்ணு பாத்தேன்."

"விழுமா?"

"விழும்" என்றாள் முனியாயி, ரொம்ப உறுதியாக.

சேர்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் இசக்கிமுத்துவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. "டீச்சரே, இந்தக் குட்டி ப்ரீடிகிரில ராங்க் வாங்கும், பாத்துக்கோ. அவ போட்டோவைப் பேப்பர்ல போட்டா அடுத்த வருஷம் நமக்கு இந்த மாடி போதாது. தோப்பும்படியில ஒரு கெட்டிடம் பாக்கணும்."

கமலாக்ஷியும் சிரித்தாள். ஆனால் முனியாயியைச் சரித்திர வகுப்பில் எழுதிக்கொண்டது அவளுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டது போல உறுத்திக்கொண்டே இருந்தது.

வகுப்பு தொடங்கி நான்கைந்து நாள் இருக்கும். கமலாக்ஷி பாடத்தை முடித்துவிட்டு, ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டாள். முனியாயி எழுந்து நின்றாள்.

"டீச்சர், இது கழிஞ்சா என்ன?"

"அடுத்தது டிகிரி."

"அது கழிஞ்சா?"

"எம்.ஏ. இருக்கு."

"அது கழிஞ்சா?"

பின்பெஞ்சில் இருந்த ஒரு பையன், "அது கழிஞ்சா நமக்கும் ஒரு ட்யூட்டோரியல் தொடங்கலாம்" என்றான். வகுப்பே சிரித்தது. கமலாக்ஷியும் சிரித்துவிட்டாள், அவன் சொன்னது அத்தனை சரியாக இருந்தது. சிரித்து முடித்த பிறகு ஒவ்வொருவரிடமும், உனக்கு என்னவாக வேண்டும் என்று கேட்டாள். பாதிப் பேர் 'கல்ஃப்' என்றார்கள். மீதிப் பேர் 'ஜோலி' என்றார்கள். என்ன ஜோலி என்றால், கிடைக்கிற ஜோலி. முனியாயி மட்டும், "கெட்டிடம் கட்டறதுக்கு எங்க படிக்கணும்?" என்று கேட்டாள்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டாள் கமலாக்ஷி. எஞ்சினியரிங் காலேஜ் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்கு ப்ரீடிகிரியில் சயன்ஸ் படித்திருக்க வேண்டும். சரித்திரம் படிக்கிற பெண்ணுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. வேறு கதவு உண்டா என்பது எம்.எஸ்ஸி. வரை படித்த அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்: தான் வந்த வழி.

மறுநாள் வகுப்பை இசக்கிமுத்துவிடம் விட்டுவிட்டுப் படகேறி எறணாகுளம் போனாள். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் வழக்கமான கூட்டம். ராமபத்ரன் என்று ஒரு கிளார்க் இருந்தார். கமலாக்ஷியைப் போலப் பாலக்காட்டுத் தமிழ் பேசுகிறவர். அவள் ஜன்னலருகே வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்களுக்கு இன்டர்வியூ கார்டு ஒண்ணும் வரல்லை, அடுத்த மாசம் பாருங்கோ" என்றார்.

"நான் எனக்குக் கேக்க வரல்லை. எஸ்.எஸ்.எல்.சி. ஜெயிச்ச ஒரு பொண்ணு, கணக்கு நன்னா வரும், கட்டடம் கட்டப் படிக்கணும்கறா. அவ எங்க போகலாம்?"

ராமபத்ரன் நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஜன்னல்ல வந்து இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை" என்றார். "எல்லாரும் ஜோலி வந்துதான்னுதான் கேப்பா. படிக்க எங்க போகலாம்னு கேக்கறவா இந்தப் படியே ஏற மாட்டா."

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, அதைக் காதில் வாங்காமல் அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமா இருக்கிறது, அதற்கு எஸ்.எஸ்.எல்.சி. போதும். ஐ.டி.ஐ. இருக்கிறது. நர்சிங், ஆசிரியர் பயிற்சி, லேப் டெக்னீஷியன் படிப்பு, கப்பல் கட்டும் தளத்தில் அப்ரென்டிஸ், மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்கென்று ஒரு பயிற்சி. கமலாக்ஷி கேட்டுக்கொண்டே நின்றாள். தான் தினமும் படகில் கடந்துபோன இந்த நகரத்துக்குள் இத்தனை வாசல்கள் இருந்திருக்கின்றன. ஒன்றின் பேரைக்கூட யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை.

"சிவில் டிப்ளமாதான் அந்தப் பொண்ணுக்கு" என்றார் ராமபத்ரன். "ஆனா அதுக்கும் தேதி கழிஞ்சிருக்கும். எதுக்கும் களமசேரிப் பக்கம் போய் நேர விசாரியுங்கோ. சில பேர் சேந்துட்டு வேற இடம் கிடைச்சுப் போயிடுவா. அந்த சீட்டு காலியாக் கிடக்கும்."

பிராட்வேயின் கடைக்கூட்டத்தை இடித்துப் பிடித்துத் தாண்டி வந்து பஸ் பிடித்து, அன்றைக்கே களமசேரி போய்ச் சேர்ந்தாள். ராமபத்ரன் சொன்னது பலித்தது. பாலிடெக்னிக் அலுவலகத்தில் இருந்தவர், சிவில் பிரிவில் ஒரு இடம் காலியாகிவிட்டது, வரும் வெள்ளிக்கிழமை காலையில் நேரில் வருகிறவர்களிலிருந்து எடுப்பார்கள் என்றார். கமலாக்ஷி இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். திரும்பும் படகில் உட்கார இடமிருந்தும் முன்னால் போய் நின்றுகொண்டே வந்தாள்.

இசக்கிமுத்து கேட்டுவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக உடைத்தான்.

"டீச்சரே, நமக்கு இருக்கிறதே நல்லாப் படிக்கிற ஒரு குட்டி. அதையும் நாமளே கொண்டுபோய் வேற இடத்துல விடறதா? எந்தக் கடைக்காரனாவது வந்த ஆளை எதிர்க்கடைக்கு அனுப்புவானா?"

"நம்ம கடையில அவளுக்கு வேண்டியது இல்லையே மாஷே" என்றாள் கமலாக்ஷி. அந்த ஊரில் ஆண் வாத்தியார் எல்லோருக்கும் 'மாஷ்'.

"சரித்திரம் படிச்சா என்ன கேடு? நான் இங்கிலீஷ் படிக்கலையா?"

"ஏன் இங்கிலீஷ் படிச்சேள்?"

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். கீழே வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பள்ளிக்கூடத்துல ஒரு சாரு, உனக்கு இங்கிலீஷ் நல்லா வருதுடான்னாரு" என்றான் கடைசியில். "அவ்வளவுதான். அதுதான் நான் ஏறின பஸ்ஸு. அது எங்க போகுதுண்ணு எனக்கும் தெரியாது, எங்கப்பாவுக்கும் தெரியாது. டிக்கெட் எடுத்தா ஏறி உக்காரணும், அப்படித்தான் நெனச்சோம்."

கமலாக்ஷி உடைந்த சாக்பீஸைப் பொறுக்கி மேஜையில் வைத்தாள்.

"சரி, நடங்க" என்றான் இசக்கிமுத்து. "தங்கப்பண்ணன்கிட்ட நான் பேசறேன். காலனிக்காரன் சொன்னாத்தான் கேப்பாரு."

இரண்டு பேருமாகக் காலனிக்குத் தங்கப்பன் வீட்டுக்குப் போனார்கள். காலனிக்காரன் சொல்லியும் தங்கப்பன் கேட்கவில்லை. அவர் சண்டைக்காரர் அல்ல. அவருடைய சங்கடம் வேறு. மகள் காலேஜில் படிக்கிறாள் என்று லாரியில் கூட வேலை பார்க்கிறவர்கள், சாயாக்கடைக்காரர், ஹெல்த் இன்ஸ்பெக்டர் வரை எல்லோரிடமும் சொல்லியாயிற்று. போர்டில் பெரிதாகக் 'காலேஜ்' என்று எழுதியிருந்ததைக் காட்டவும் காட்டியிருக்கிறார்.

"இப்போ இது என்னா, பாலி... பாலிடெக்..." அவருக்கு வாயில் நுழையவில்லை. "எம்மே, இது காலேஜா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"காலேஜ் இல்ல அண்ணா. ஆனா..."

"அப்போ எதுக்கு?"

வீட்டுக்குள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த முனியாயியின் அம்மா ராமாத்தாள் வெளியே வந்தாள். அவளும் கார்ப்பரேஷன்தான், ரோடு பெருக்குகிற வேலை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கமலாக்ஷியைக் கேட்டாள்.

"அதப் படிச்சா இவ என்ன ஆவா டீச்சரே?"

"ஓவர்சியர் ஆகலாம். கட்டடம், ரோடு, பாலம் எல்லாம் மேல்பார்வை பாக்கற உத்தியோகம்."

"ஓவர்சியரா?" ராமாத்தாள் புருஷனைப் பார்த்தாள். "நம்ம டிவிஷனுக்கு வருவாரே, குடையப் பிடிச்சுக்கிட்டு, அவர மாதிரியா?"

"அவரை மாதிரியேதான்."

அந்த ஓவர்சியர் தங்கப்பனுக்கு நன்றாகத் தெரிந்தவர். அவர் வருகிறார் என்றால் லாரிக்காரர்கள் பீடியைக் காலடியில் போட்டு மிதித்துவிட்டு நேராக நிற்பார்கள். தங்கப்பன் மகளைப் பார்த்தார், கமலாக்ஷியைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார்.

"நீ குடையப் பிடிச்சுக்கிட்டு வந்தா நானும் எழுந்து நிக்கணுமா?" என்று கேட்டார்.

"நீங்க உக்காந்தே இருக்கலாம்ப்பா" என்றாள் முனியாயி.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ராமாத்தாள் எல்லோருக்கும் வேகவைத்த கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். கமலாக்ஷிக்கு மீன் ஆகாது என்பது நினைவு வந்து, அவளுக்கு மட்டும் கப்பையோடு பச்சைமிளகாயும் உப்பும் இடித்துக் கொடுத்தாள். காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. கமலாக்ஷி வேண்டாமென்று சொல்லாமல் மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. முனியாயி, தங்கப்பன், இசக்கிமுத்து, கமலாக்ஷி நான்கு பேரும் முதல் படகைப் பிடித்து, பஸ் மாறி, களமசேரியில் இறங்கியபோது முழங்கால்வரை நனைந்திருந்தார்கள். அங்கே இவர்களைப் போல இன்னும் சிலர் வந்து காத்திருந்தார்கள், எல்லாம் பையன்கள். தங்கப்பன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு இசக்கிமுத்துவின் காதில், "இவங்களுக்கெல்லாம் நம்ம புள்ளைய விட மார்க்கு இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இசக்கிமுத்து கடைசியில் எழுந்து தூரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

மார்க்கில் முனியாயிதான் முன்னால் இருந்தாள். ஆனாலும் உள்ளே மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். கதவு சரியாகச் சாத்தாமலிருந்ததால் வெளியே நின்ற கமலாக்ஷிக்கு எல்லாம் கேட்டது. கேள்வி மலையாளத்தில் நடந்தது. முனியாயிக்குத் தமிழைவிட அதுதான் சரளம். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். கணக்கில் ஒன்றிரண்டு கேட்டார்கள், சொன்னாள். பிறகு நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சிவில் என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. வெயிலில் நிற்க வேண்டும், கல்லும் மண்ணும் நடுவில். ஆண்கள் வேலை செய்கிற இடம். பெண்பிள்ளை உன்னால் முடியுமா?"

முனியாயி யோசித்தது போலத் தெரியவில்லை.

"என் அம்மா கார்ப்பரேஷனில் ரோடு பெருக்குகிறாள் சார். வெயிலில்தான் நிற்கிறாள். நான் லீவு நாளில் அவளுக்குச் சோறு கொண்டுபோவேன். சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் அங்கேதான் நிற்பேன். வெயில் எனக்குப் பழக்கம்."

உள்ளே ஒருவர் சிரித்தார். கேலியான சிரிப்பு அல்ல. நடுவில் இருந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

இடம் கிடைத்துவிட்டது. வெளியே வந்த முனியாயி முதலில் செருப்பில் ஏறியிருந்த சேற்றைத் தட்டினாள். பிறகுதான் சிரித்தாள். தங்கப்பன் தன் நனைந்த குடையை இசக்கிமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் பாலிடெக்னிக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். திரும்பி வந்து, "நல்ல பெரிய கெட்டிடம்தான். நம்ம மிளகுக் கடை மாடி மாதிரி இல்ல" என்றார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று கமலாக்ஷிக்கும் பட்டது.

விஷயம் காலனியில் பரவியது. காலனியிலிருந்து பஜார் ரோட்டுக்கு, அங்கிருந்து படகில் வைப்பினுக்கும் இடக்கொச்சிக்கும். மிளகுக் கிடங்கு மாடியில் ஒரு டீச்சர் இருக்கிறார்கள், பிள்ளைக்கு எது சரிப்படும் என்று சொல்வார்கள் என்று ஆள்கள் வர ஆரம்பித்தார்கள். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு அம்மா பிள்ளையோடு வந்து நிற்பாள். கமலாக்ஷி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பேசுவாள். ஒருநாள் சமன்பாடு ஒன்று கரும்பலகையில் பாதியில் நிற்க, வகுப்பு முழுவதும் திரும்பி உட்கார்ந்து வாசலில் நடக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததை இசக்கிமுத்து பார்த்தான்.

"இப்படிச் சரிப்படாது டீச்சரே. இதுக்குண்ணு ஒரு நேரம் வைக்கணும். ஞாயிற்றுக்கிழமை வைப்போம். வர்றவங்க எல்லாரும் சேந்து வரட்டும்."

முதல் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தார்கள். பெஞ்சுகள் நிறைந்து, ஜன்னல் கட்டையிலும் படிக்கட்டிலும் ஆள்கள் உட்கார்ந்தார்கள். ராமபத்ரன் தானே விருப்பப்பட்டு எறணாகுளத்திலிருந்து வந்திருந்தார். ஆபீசில் ஜன்னலுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்த மனிதர், இங்கே கரும்பலகை முன்னால் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படிப்பாக விளக்கினார். எதற்கு என்ன மார்க் வேண்டும், எப்போது விண்ணப்பிக்க வேண்டும், முடித்தால் எங்கே வேலை, அதற்கு மேல் படிக்க வழி உண்டா. மத்தியானம் சாப்பாட்டு நேரம் கழிந்தும் நிறுத்தவில்லை. பிச்சுமணி, எம்.எஸ்ஸி. படித்த மகள் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இல்லையே என்று கோபித்துக்கொண்டு அவளை அழைத்துப்போக வந்தவர், கடைசிப் பெஞ்சில் இடம் கிடைத்ததும் உட்கார்ந்து, கடைசிவரை இருந்துவிட்டார். திரும்பி நடக்கும்போது, "நம்ம கம்பெனி குடோன் வாட்ச்மேனோட பையன் ஒருத்தன் இருக்கான். அடுத்த வாரம் அழைச்சுண்டு வரேன்" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், வேறு இடத்துக்கு அனுப்பினால் கடை படுத்துவிடும் என்று இசக்கிமுத்து பயந்தது நடக்கவில்லை. ஐ.டி.ஐ.க்குப் போ, நர்சிங்குக்குப் போ என்று பாதிப் பேரை அனுப்பினார்கள். ஆனால் இவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்ற பேர் வந்துவிட்டது. ப்ரீடிகிரிதான் உனக்குச் சரி என்று கமலாக்ஷி சொன்னால், அந்தப் பிள்ளையை வேறெங்கும் விசாரிக்காமல் இங்கேயே சேர்த்தார்கள். அடுத்த வருஷம் பக்கத்துக் கிடங்கின் மாடியையும் எடுக்க வேண்டியிருந்தது. அது ஏலக்காய்க் கிடங்கு. பிள்ளைகளுக்கு அந்த வகுப்புதான் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தபோது, இசக்கிமுத்துவுக்குத் தன் வழியும் புலப்பட்டது. பி.எட். பற்றி ராமபத்ரன் விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று, "இது நான் படிக்கலாமே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். பிள்ளைகள் கை தட்டினார்கள். எண்பதில் பி.எட். முடித்தான். எண்பத்திரண்டில் ஒரு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார் ஆனான். ஆனாலும் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பஜார் ரோட்டு மாடியில்தான் இருந்தான். கமலாக்ஷிக்கும் ஒரு பாங்க்கிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டு, போகவில்லை. பிச்சுமணி இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள், "உனக்கு இதுதான் பிடிச்சிருக்குன்னா பிடிச்சிருக்கு, வேற என்ன?" என்றார். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. வேறு எங்கேயும் காலையில் எழுந்ததும் இத்தனை ஆவலோடு அவள் கிளம்பியிருக்க மாட்டாள்.

எண்பத்து மூன்று பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமைக்கு வரும்படி முனியாயி சொல்லி அனுப்பியிருந்தாள். டிப்ளமா முடித்து, ஒரு கான்ட்ராக்டரிடம் மேல்பார்வை வேலையில் இருந்தாள். இடக்கொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வந்து பார்க்க வேண்டும், மாஷையும் கூட்டிவர வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது, முனியாயி சுவரோரம் ஒரு வயதான மேசனோடு வாதாடிக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. தூக்குக்குண்டைப் பிடித்துக் காட்டி, "மேஸ்திரியேட்டா, நீங்களே பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் பார்த்தார். தலையைச் சொறிந்தார். மேல் வரிசைக் கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் அவள் இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், மேல வாங்க. படிக்கட்டு இறுகிப் போச்சு, பயப்பட வேண்டாம். மாஷே, நீங்க அந்தப் பக்கம் காலு வைக்காதீங்க, அங்கே சிமென்டு ஈரம்."

இசக்கிமுத்து அதற்குள் கால் வைத்துவிட்டிருந்தான்.

மேல்தளத்துக்கு இன்னும் கூரை இல்லை. நாலு பக்கமும் சுவர் இடுப்பளவு நின்றது. எட்டினாற்போல் உப்பங்கழிக் காயலும் சீன மீன்வலைகளும் தெரிந்தன. காற்று அள்ளிக்கொண்டு போனது. இங்கே ஒரு வகுப்பு, அங்கே ஒரு வகுப்பு, இந்த மூலையில் லேபரட்டரி என்று முனியாயி கையை நீட்டி நீட்டிக் காட்டினாள்.

"லேப் உண்டா?" என்று கமலாக்ஷி கேட்டாள்.

"உண்டு டீச்சர். அதுக்கு ஜன்னல் பெரிசு வேணும்ணு நான்தான் சொன்னேன். பிளான்ல சின்னதா இருந்துச்சு."

கீழேயிருந்து ஒருவர் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மணல் மூட்டைகள் மேல் உட்கார்ந்து குடித்தார்கள். முனியாயி தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்தினாள்.

"என்னடி?"

"டீச்சர், ஏ.எம்.ஐ.இ.ண்ணு ஒரு பரீட்சை இருக்கு, தெரியுமா? டிப்ளமா உள்ளவங்க வேலை செஞ்சுக்கிட்டே எழுதலாம். எல்லாப் பேப்பரும் ஜெயிச்சா எஞ்சினியரிங் டிகிரிக்குச் சமம். நான் பணம் கட்டிப் பேர் குடுத்துட்டேன்."

கமலாக்ஷி இசக்கிமுத்துவைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே விசாரிச்சேன்" என்றாள் முனியாயி. "கணக்கு எனக்குப் பிரச்சினை இல்ல. இங்கிலீஷுலதான் எல்லாம் எழுதணும். அதான் மாஷையும் கூட்டிட்டு வரச் சொன்னேன்."

"அப்போ கெட்டிடம் காட்டறதுக்கு இல்ல, என்னப் பிடிக்கறதுக்குத்தான் கூப்பிட்டே" என்றான் இசக்கிமுத்து, ஷூவிலிருந்த சிமென்டைக் குச்சியால் சுரண்டியபடி.

"ரெண்டுக்கும்தான் மாஷே."

"அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வா. பேப்பர் கொண்டுவா, பேனா கொண்டுவா. லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன்."

கமலாக்ஷி சாயாவைக் கீழே வைத்துவிட்டு மணல் மூட்டையில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "அந்த ஏ.எம்.ஐ.இ.யை முதல்லேருந்து சொல்லு. யார் யார் எழுதலாம், எங்க எழுதிப் போடணும், எல்லாம். நாளைக்கு வர்றவாள்ல நாலு பேருக்கு இது உதவும்."

முனியாயி சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் எழுந்து, நின்றுகொண்டே சொன்னாள். கீழே மேசன் மறுபடி கல் வைத்து முடித்துவிட்டு, மேலே பார்த்து அவளைக் கூப்பிட்டார். "இதோ வரேன் மேஸ்திரியேட்டா" என்று குரல் கொடுத்துவிட்டு, இரண்டாம் பகுதிப் பரீட்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். ஒன்றையும் தவறவிடக்கூடாதென்று கமலாக்ஷியும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கிப் போனாள்.